நிறம் காவல் காக்காது

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிலைப் பட்டறை இருக்கிறது. சுவாமிமலைக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பட்டறை வரும். வயலிலிருந்து திரும்பும் சாயங்காலங்களில் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். போன மாதம் போனபோது மெழுகில் ஒரு பைரவர் உருவாகிக்கொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்து காயும் வாசனை வாசலுக்கே வந்துவிட்டது. ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொண்டிருந்தார். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு. உத்தம தசதாலம் என்ற சிற்ப அளவுமுறையில் மொத்தம் 124 அங்குலம். அந்த அங்குலம் கடையில் விற்கும் டேப்பில் இருப்பது இல்லை, சிலையின் உயரத்தையே 124 பங்காகப் பிரித்தால் வருவது.

பைரவர் பக்கத்தில் நாய் நிற்க வேண்டும். அதற்கு மட்டும் அவர் ஓலையை எடுக்கவில்லை. மெழுகை உருட்டி, கையாலேயே இழுத்து, முதுகை வளைத்துக்கொண்டே போனார்.

"நாய்க்கு அளவு இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"சாமிக்குத்தான் தம்பி ஓலை. நாய்க்குக் கண்ணு போதும். அது ஓடுற நாயா, காவலுக்குப் படுத்துக் கிடக்குற நாயான்னு மனசுல வந்துட்டா, கை தானா போயிடும்."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. காரணம் இருக்கிறது. அதே வாரத்தில்தான் அக்கா பையன் ராஜபாளையம் குட்டி வாங்க வேண்டும் என்று கைப்பேசியில் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். உயரம் இத்தனை, நிறம் தூய வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, கண் பொன்னிறம், வால் இப்படி வளைய வேண்டும். எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. அந்த நாய் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நாய் வெள்ளையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பட்டியலோடு அலைந்தவன்தான். தெற்கே ஓர் ஊரில் குட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, முன்பணம் அனுப்பி, 12,000 ரூபாய் கொடுத்து, பேருந்து நிலையத்தில் வைத்துக் கூடையோடு வாங்கிவந்தேன். தாயைப் பார்க்கவில்லை. கடுவனைப் பார்க்கவில்லை. கூடையைத் திறந்ததும் மூக்கைப் பார்த்தேன், ரோஜா நிறம். உடம்பில் ஒரு கறுப்பு மயிர் இல்லை. அவ்வளவுதான், மனசு நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அம்மா கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதது. தாம்பாளத்துக்கு இரண்டு அடி தள்ளிப் படுத்திருந்த குட்டி அசையவில்லை. நல்ல தூக்கம் போல என்றாள் அம்மா. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். விசில் அடித்தேன். கும்பகோணத்தில் மருத்துவரிடம் கொண்டுபோனேன். இரண்டு காதும் கேட்காது என்றார். விற்றவருக்குப் போன் செய்தால், "நல்ல வெள்ளை கேட்டீங்க, நல்ல வெள்ளை குடுத்தேன்" என்றார். அந்தப் பதிலில் பொய் இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துவது. நான் கேட்டது அதைத்தான்.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு? அன்றைக்கு எனக்கும் தெரியாது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் உயிரோடு இருக்க அவை அங்கே இருந்தாக வேண்டும். நிறத்தை அடியோடு அழிக்கும் மரபணுக்கள் சில குட்டிகளில் அந்தச் செல்கள் காதுக்குப் போய்ச்சேராமலும் செய்துவிடுகின்றன. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் காது செத்துப்போகிறது. புள்ளிபோட்ட டால்மேஷன் நாய்களில் இதை வெகுகாலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் இந்தக் குறை உண்டு என்பது அதை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளையாக இல்லாத குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி, வெள்ளைக்கு வெள்ளையையே சேர்த்து வந்தால் காது போகாமல் என்ன செய்யும்?

ஒரு காவல் நாய் இனத்துக்கு முதல் தகுதி காது. அதை விட்டுக்கொடுத்து நிறத்தை வாங்கியிருக்கிறோம்.

இந்த நாய்கள் இப்படி உருவானவை இல்லை. அதைச் சொல்லத்தான் கரிசல் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

நம் தஞ்சை மண்ணில் ஏன் பேர்பெற்ற வேட்டை நாய் இனம் ஒன்றுகூட உருவாகவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? கோம்பை என்றால் தேனிப் பக்கம். சிப்பிப்பாறை, ராஜபாளையம் இரண்டும் விருதுநகர்ப் பக்கம். கன்னியும் அந்தத் தெற்குச் சீமைதான். காவிரிக் கரையில் அந்த அளவுக்குப் பேர்பெற்றது ஒன்றும் இல்லை. வயலில் இறங்கிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இங்கே ஒரு நாய் முழு வேகத்தில் நூறு அடி நேராக ஓட முடியாது. வரப்பு குறுக்கே வரும், வாய்க்கால் வரும், வாழைக்கொல்லை வரும், மூங்கில் குத்து வரும். ஆடியிலிருந்து தை வரை சேறு. நமக்கிருந்த பெரிய எதிரி எலி. அதற்கு நாய் வேண்டாம், மூங்கிலை வளைத்துச் செய்த கிட்டி போதும். தஞ்சாவூர்க் கிட்டி என்றே அதற்குப் பெயர். காலத்துக்கும் அதுதான் நம் வேட்டைக் கருவி.

கரிசல் அப்படி இல்லை. அறுவடை முடிந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மறைவில்லாத பொட்டல். முயல் எழுந்தால் மைல் கணக்கில் ஓடும். மோப்பம் பிடித்து மெதுவாகப் போகும் நாய்க்கு அங்கே வேலை இல்லை. கண்ணால் பார்த்த மறு நொடியில் பாய வேண்டும், முயல் வெட்டித் திரும்பினால் அதே வேகத்தில் தானும் வெட்டித் திரும்ப வேண்டும், பிடித்ததைக் கிழிக்காமல் கொண்டுவர வேண்டும். வெயில் தாங்க வேண்டும். எசமான் குடிக்கும் கூழில் மிச்சம் கிடைத்தால் அதிலேயே உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் செய்யும் நாய்க்கு என்ன உடம்பு வாய்க்கும்? மார்புக்கூடு ஆழமாக, வயிறு ஒட்டி, கால் நீளமாக, தோல் மெல்லிசாக, மயிர் குட்டையாக. சிப்பிப்பாறையை ஒரு தரம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்த வடிவத்தை யாரும் வரைந்து வைத்துக்கொண்டு வளர்க்கவில்லை. முயல்தான் அதைச் செதுக்கியது.

இனவிருத்தி என்ற பெரிய சொல்லெல்லாம் அந்தச் சம்சாரிகளுக்குத் தேவைப்படவில்லை. பின்தங்கும் கடுவனிடம் யாரும் பெட்டையைக் கொண்டுபோக மாட்டார்கள். ஆட்டுக்குட்டியைக் கடித்த நாய்க்கு வம்சம் கிடையாது. இன்னார் வீட்டு நாய் இத்தனை முயல் பிடித்தது என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பேச்சுதான் அதன் சான்றிதழ். பெரும்பாலும் குட்டியை விற்பதில்லை, வேண்டியவருக்குக் கொடுப்பார்கள். கன்னி நாய்க்கு அந்தப் பெயர் வந்ததே மணப்பெண்ணோடு சீதனமாக அனுப்பியதால்தான் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சீர் கொடுத்த இடத்தில் நாய் உதவாக்கரையாக இருந்தால் கொடுத்தவனுக்கு மானம் போகும். விற்றவன் பேருந்து நிலையத்தோடு மறைந்துவிடலாம், சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படியும் விழித்துத்தான் ஆக வேண்டும்.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இன்றைக்கு நிறத்தைத்தான் சொல்கிறார்கள். கறுப்பில் பழுப்பு கலந்திருந்தால் கன்னி, சாம்பலோ செவலையோ ஆனால் சிப்பிப்பாறை. ஓட்டத்திலும் உடம்பிலும் வேலையிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதில் எது தனி இனம், எது ஒரே இனத்தின் இரண்டு சாயல் என்று நாய்க்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். முயலின் பின்னால் ஓடிய காலத்தில் இந்தச் சண்டைக்கு அர்த்தமே இருந்திருக்காது.

ராஜபாளையம் கொஞ்சம் வேறு. கனமான உடம்பு, பெரிய எலும்பு. பாளையக்காரர்களோடும் ஜமீன்களோடும் சேர்ந்தே பேசப்படும் நாய். காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் நின்றது. 1801-ல் பாளையங்கள் ஒடுக்கப்பட்ட பிறகு அதை ஆதரித்த வாசல்கள் ஒவ்வொன்றாக மூடின. நாய் பிழைத்தது, அதை வைத்து வேலை வாங்கியவர்கள் குறைந்தார்கள்.

நாயின் வேலைக்கு நம்மவர்கள் கொடுத்த மரியாதைக்குச் சாட்சி கல்லிலேயே இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, இரண்டு கள்வரைக் கடித்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். நன்றாகக் கவனியுங்கள்: அந்த நாய் என்ன நிறம், என்ன உயரம் என்று ஒரு சொல் இல்லை. பெயர் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது. 1,400 வருஷம் கழித்தும் அதை நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேட்டை நின்றது நல்லது. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தம் மிச்சமிருந்த வேட்டை உரிமங்களுக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. முயல் வேட்டையை மறுபடி கொண்டுவந்தால்தான் நாய் பிழைக்கும் என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். முயலுக்கும் உயிர் உண்டு. ஆனால் சட்டம் வந்த நாளிலிருந்து நாம் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டோம். எந்த வேலை இந்த நாயை நாயாக்கியதோ அது நின்றுவிட்டது, இனி எதை வைத்துக் கடுவனையும் பெட்டையையும் தேர்ந்தெடுப்பது? யாரும் பதில் சொல்லாததால் சந்தை பதில் சொன்னது. நிறம், உயரம், விலை. உயரம் கூட்ட கிரேட் டேன் ரத்தம், வேகம் கூட்ட கிரேஹவுண்ட் ரத்தம் கலக்கிறார்கள் என்று வளர்ப்பவர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. துப்பாக்கி வேட்டைக்கென்று உருவாக்கிய நாய்களில் இது இன்னும் கண்கூடாகத் தெரியும். இங்கிலாந்தில் 1859-ல் நியூகாசிலில் நடந்ததுதான் அங்கே ஒழுங்காக நடந்த முதல் நாய்க் கண்காட்சி என்பார்கள். வந்தவை எல்லாம் பாயிண்டர், செட்டர் வகை வேட்டை நாய்கள், கொடுத்த பரிசோ துப்பாக்கி. வளையத்துக்குள் நிறுத்தி உடம்பை மட்டும் பார்த்தார்கள். பறவை இருக்கும் இடத்தை அந்த நாய் காட்டுமா என்று பார்க்கவில்லை. அது போதாது என்று சிலருக்குப் பட்டதால்தான் 1865-ல் சவுத்ஹில் என்ற இடத்தில் வயல்வெளிச் சோதனை நடந்தது. அன்றைக்கு இரண்டாகப் பிரிந்த பாதை இன்றுவரை சேரவே இல்லை. லாப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சி லாப்ரடார் பீப்பாய் மாதிரி இருக்கும், வேட்டைக்குப் போகும் லாப்ரடார் ஒல்லியாக, கம்பி மாதிரி இருக்கும். பெயர் ஒன்று, உடம்பு இரண்டு, மனசும் இரண்டு. கும்பகோணத்தில் மாடி வீடுகளில் கொழுத்துப் படுத்திருக்கும் லாப்ரடார்கள் எல்லாம் குளிர்ந்த தண்ணீரில் குதித்து, சுட்டு விழுந்த வாத்தைப் பல் படாமல் கொண்டுவரப் பிறந்த வம்சம் என்றால் நம்புவீர்களா?

ஒரு விஷயத்தை மட்டும் இங்கிலாந்துக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. துப்பாக்கி வேட்டை இனங்களில் கண்காட்சியில் எத்தனை பரிசு வாங்கினாலும் அந்த நாய் 'கண்காட்சி சாம்பியன்' மட்டும்தான். வெறும் 'சாம்பியன்' என்று எழுத வேண்டுமானால் வயல்வெளித் தகுதியும் வேண்டும். பட்டத்தில் ஒரு சொல் கூடுதலாக நிற்பதே இது வேலை செய்து காட்டாத நாய் என்று சொல்லிவிடுகிறது. நேர்மையான ஏற்பாடு.

இனி நம்மூர் வயலுக்கு வருகிறேன். மாசி பங்குனியில் சம்பா அறுவடை முடிந்த பிறகு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு இங்கே வருவார்கள். தரிசாகக் கிடக்கும் வயலில் ராத்திரி கிடை போடுவார்கள், நமக்கு எரு, அவர்களுக்குக் கூலி. திருவலஞ்சுழி போகிற வழியில் எங்களுக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. போன வருஷம் அதில் கிடை போட வந்த பெரியவரோடு ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது, பார்வைக்குத் தெருநாய். ராத்திரி பத்து மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு நான் வரப்பில் இறங்கியபோது கிடைக்கு முப்பது அடி முன்னாலேயே வந்து நின்றுகொண்டது. குரைக்கவில்லை. கடிக்க வரவில்லை. நான் ஓர் அடி வைத்தால் அதுவும் ஓர் அடி வைத்தது. பெரியவர் சீழ்க்கை அடித்த பிறகுதான் வழி விட்டது.

"இது என்ன சாதிங்கய்யா?" என்றேன்.

"சாதி என்னத்த? கிடை நாய் தம்பி. இதோட ஆத்தாளும் கிடையிலதான் கெடந்துச்சு, அதுக்கு ஆத்தாளும் கிடைதான்."

"குட்டி எப்படிப் பொறுக்குவீங்க?"

அவர் பொறுமையாகச் சொன்னார். போன ஈத்தில் நாலு குட்டி. ஒன்று ஆட்டுக்குட்டி துள்ளினால் வாயைப் போட்டது, அதை ஊரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று சாமத்தில் தூங்கிவிடும். ஒன்று ஆளைக் கண்டால் வாலைக் குழைத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் ஒன்று.

"ஒரு சுத்து சுத்தி வரணும் தம்பி. புறப்பட்ட ஊருக்குத் திரும்பிப் போய்ச் சேர்றப்ப எது நம்ம மந்தையோட நிக்குதோ, அதுதான் நாயி. அதுக்கு முன்னாடி அது குட்டிதேன்."

இதற்கு மேல் இனவிருத்திக்கு இலக்கணம் உண்டா? தாயின் வேலை தெரியும், பாட்டியின் வேலை தெரியும், குட்டிக்கு ஒரு வருஷச் சோதனை உண்டு, தேறாததைக் கொல்லவில்லை, வேறு வீட்டில் வாழ அனுப்புகிறார்கள், தேறியதிலிருந்து மட்டும் அடுத்த ஈத்து. எந்தச் சங்கத்தின் பதிவேட்டிலும் அந்த நாய்க்கு இடம் இல்லை. என் வெள்ளையனுக்கு அச்சடித்த காகிதம் இருக்கிறது.

கீதாரி வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுதிவைத்த ஒரு நாடும் உண்டு. ஜெர்மனியில் டிராட்ஹார் என்றொரு கம்பிமயிர் வேட்டை நாய். அதற்கான சங்கம் 1902-ல் தொடங்கியது. ஹெகேவால்ட் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பிரபு அதற்கு முன்பே சொல்லிவந்த கொள்கை, முதலில் வேலை, வேலையின் வழியாக வடிவம். அங்கே நினைத்தபடி நாயை இணை சேர்க்க முடியாது. வசந்தத்தில் ஒரு சோதனை: மோப்பம் எப்படி, முயல் போன தடத்தை விடாமல் பிடிக்கிறதா, துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படுகிறதா. இலையுதிர் காலத்தில் இன்னொன்று: தண்ணீரில் இறங்குமா, எடுத்து வருமா, சொன்ன பேச்சு கேட்குமா. பிறகு உடம்பையும் மயிரையும் பார்ப்பார்கள். எல்லாம் தேறினால்தான் அதன் குட்டிகள் அந்த இனத்தின் குட்டிகள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நாய் கண்காட்சி நாய், வேட்டை நாய் என்று இரண்டாகப் பிளக்கவில்லை. வடிவமும் கெடவில்லை. வேலை சரியாக இருந்தால் வடிவம் அதோடு கூடவே வருகிறது.

நம்மிடம் பெருமைக்குக் குறைவில்லை. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. 2020-ல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோலையும் முறையாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நம் நாய்களின் பெயரைச் சொன்னார், மறுநாளே குட்டி விசாரிப்பு கூடியது. சு. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் பல்லாண்டாக எழுதி எழுதித்தான் இந்தப் பெயர்கள் படித்தவர்கள் காதில் விழுந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2024-ல் தமிழக அரசு நாய் இனவிருத்திக் கொள்கை ஒன்றையும் கொண்டுவந்து நாட்டு இனங்களை ஊக்குவிப்போம் என்றிருக்கிறது. எல்லாம் சரி. ஊக்குவித்தால் எண்ணிக்கை கூடும். எந்த நாயிலிருந்து கூடும் என்பதுதான் என் கவலை.

வேட்டையில்லாமல் வேலையைச் சோதிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். சிப்பிப்பாறையையும் கன்னியையும் எடுத்துக்கொண்டால், கம்பியில் கட்டிய துணியை மோட்டார் இழுக்க, அது வளைந்து வளைந்து ஓடும். நாய் அதைத் துரத்தும். அமெரிக்காவில் 1970-களிலிருந்து இப்படித்தான் செய்கிறார்கள். ஓர் உயிரும் சாகாது. நாய் முழு மனசோடு துரத்துகிறதா, திருப்பத்தில் தடுமாறுகிறதா, ஓடி முடித்து எவ்வளவு நேரத்தில் மூச்சு அடங்குகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். ஒரு கரிசல் தரிசும் ஒரு பழைய பைக் மோட்டாரும் போதும். ஆனால் பந்தயமாக்கிப் பணம் கட்ட ஆரம்பித்தால் அடுத்த கேடு அங்கேயே முளைக்கும், அதைத் தொடக்கத்திலேயே தடுத்தாக வேண்டும். கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் காவல் சோதனை: அந்நியன் வந்தால் முன்னால் வருகிறதா, எசமான் சொன்னால் நிற்கிறதா, வீட்டுக் குழந்தையிடம் எப்படி இருக்கிறது. என் வரப்பில் அந்தக் கிடை நாய் எழுதிக் காட்டிய பரீட்சைதான்.

ராஜபாளையத்துக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் காதுச் சோதனை. கைதட்டிப் பார்த்தால் இரண்டு காதும் போன நாயைத்தான் கண்டுபிடிக்கலாம். ஒரு காது மட்டும் போன நாய் நம்மை ஏமாற்றிவிடும். தட்டினால் திரும்பும், கூப்பிட்டால் வரும், நல்ல நாய் என்று நினைத்து இணை சேர்ப்போம், குட்டிகளில் குறை வெளிவரும். இதற்கென்று பேயர் சோதனை இருக்கிறது. தலையில் சின்ன மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து, மூளை அதை வாங்குகிறதா என்று திரையில் பார்ப்பது. வலி கிடையாது, சில நிமிஷ வேலை. டால்மேஷன் வளர்ப்பவர்கள் பல நாடுகளில் இதைச் செய்து குறையைக் குறைத்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் ராஜபாளையம் வளர்க்கும் ஊர்களுக்கே போய் ஆண்டுக்கு இரண்டு முகாம் நடத்தினால் பத்து வருஷத்தில் இந்த இனத்தின் தலையெழுத்து மாறும். கூடவே, அங்கங்கே நிறம் விழுந்து பிறக்கும் குட்டிகளை ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். ஒரு செம்மறை விழுந்த ராஜபாளையம், இரண்டு காதும் நன்றாகக் கேட்டால், என் கண்ணுக்கு அதுதான் மேலான ராஜபாளையம். கண்காட்சி நடுவர்கள் கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை.

பரிசு வாங்கிய ஒரே கடுவனிடம் மாவட்டமே பெட்டைகளைக் கொண்டுபோய் விடுவதையும் நிறுத்த வேண்டும். ஐந்தாறு வருஷத்தில் எல்லாக் குட்டியும் அண்ணன் தங்கை ஆகிவிடும். எண்ணிக்கை குறைந்த இனத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

வெள்ளையன் எங்களோடுதான் இருக்கிறான். தரையை இரண்டு தட்டுத் தட்டினால் அதிர்வில் எழுந்துகொள்வான். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் சாப்பாடு என்று தெரியும். கையை உயர்த்தினால் உட்காருவான். அம்மா கோயிலுக்குக் கிளம்பினால் வாசல் வரை போய், அவள் திரும்பி வரும்வரை அங்கேயே படுத்திருப்பான். அவனை மருத்துவரிடம் கொண்டுபோய் இனப்பெருக்கம் இல்லாமல் செய்துவிட்டேன். அவ்வளவு அழகான நாயை இப்படிச் செய்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஜோடி சேர்க்கப் பணம் தருகிறேன் என்று தேடி வந்தவர்களும் உண்டு, காது கேட்காது என்று சொன்ன பிறகும்.

அக்கா பையன் இன்னும் குட்டி வாங்கவில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாய் விற்பவர் பதிவு செய்தவராக இருக்க வேண்டும் என்பதும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பதும் 2017-லிருந்தே விதி, அதைக் கேளுங்கள். பேருந்து நிலையத்தில் கூடையோடு வாங்காதீர்கள். வீட்டுக்கே போங்கள், தாய் நாயைப் பாருங்கள், அது உங்களைக் கண்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். கடுவன் எது, அதற்கும் தாய்க்கும் என்ன உறவு என்று கேளுங்கள். குட்டி உங்களைப் பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். ஏற்கெனவே ராஜபாளையம் வைத்திருந்து இணை சேர்க்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், தயவுசெய்து முதலில் இரண்டு காதையும் சோதியுங்கள். ஒரு காது கேட்கவில்லை என்றாலும் அந்த நாயை வீட்டில் வைத்து அன்பாக வளருங்கள், அதிலிருந்து குட்டி மட்டும் எடுக்காதீர்கள்.